முத்திருளனின் தட்டான்கள்

ஜெயக்கொடி வலையும் தொப்பியுமாகக் கண்மாய்க் கரையில் இறங்கினால் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டெங்குக் கொசுவா மேடம்?" என்பதுதான். இல்லை, தட்டான் என்றால் சிரிப்பார்கள். கொசுவைப் பிடித்தால் ஊருக்கு நல்லது, தட்டானைப் பிடித்து என்ன செய்வது? ஆடு மேய்க்கிற அன்னக்கொடி ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள், வாலில் நூல் கட்டி விளையாடுகிற வயசா இது என்று. "நூல் கட்டல அக்கா, சும்மா எண்ணிட்டு விட்டுருவேன்" என்றாள் ஜெயக்கொடி. அன்னக்கொடிக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. பிடிப்பதாம், எண்ணுவதாம், விட்டுவிடுவதாம்!

படித்த பெண்ணுக்கு இப்படி ஒரு கிறுக்கு பிடிக்கும் என்று அவளைக் கட்டிய அழகுராஜாவும் எதிர்பார்க்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரன். பெண்டாட்டியோ, ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். போய் வந்து, சமைத்துப் போட்டு, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மிச்சம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் அவளுக்குக் கண்மாய். அழகுராஜா அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கரையில் நின்று, "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஆனால் ஒரு ஞாயிறும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

அவள் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பதிந்த காலம் முடிந்து நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்புக்கும் நீட்டிப்பு வாங்கி, இனி வாங்குவதற்கு ஒன்றுமில்லை. வருகிற டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் கண்மாயோடு போச்சு. அதைக் கொடுப்பதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு கட்டுரையாவது நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல ஆய்விதழ் என்றால், அதே துறையில் கரை கண்ட இரண்டு மூன்று பேர் கட்டுரையை வரிவரியாகப் படித்து, இது தேறும் என்று சொன்னால்தான் போடுவார்கள். காசு கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தருகிற இதழ்களும் இருக்கின்றன. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அவளும் அவளுடைய வழிகாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

வழிகாட்டி இந்துப்ரியா அவளைவிட நான்கைந்து வயது இளையவள். சௌராஷ்டிரக் குடும்பம்; படிப்பில் ஒரு இடத்திலும் தடுக்காமல் ஒரே ஓட்டமாக ஓடிப் பேராசிரியர் ஆனவள். நான்கு பேர் இருக்கும்போது "மிஸஸ் ஜெயக்கொடி" என்பாள். அறைக்கதவைச் சாத்தியதும் அது "அக்கா" ஆகிவிடும். ஜெயக்கொடி மட்டும் கதவு திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும் "மேடம்" என்றுதான் சொல்வாள்.

கட்டுரையின் சங்கதி சின்னதுதான். நம் பக்கத்துக் கண்மாய்களில் நீல நிறத்தில் ஒரு ஊசித்தட்டான் உண்டு. கண்மாயில் சாக்கடை கலக்கத் தொடங்கினால், நாற்றம் நம் மூக்குக்கு எட்டுவதற்கு வெகு முன்பே அது இடத்தைக் காலி செய்துவிடும். ஆகவே எந்தக் கண்மாயில் அது குறைகிறதோ, அங்கே இப்போதே போய்ப் பார்த்தால் தண்ணீரைக் காப்பாற்றலாம். இதைச் சொல்ல அவளிடம் இரண்டு காலத்துக் கணக்கு இருந்தது. ஒன்று, கல்யாணத்துக்கு முன் எம்.ஃபில். படித்தபோது பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் எடுத்தது. அதில் ஒரு பகுதியை அப்போதே ஒரு கருத்தரங்கு மலரில் கட்டுரையாகப் போட்டிருந்தாள். மற்றது இப்போது எடுத்தது.

ஒரு மத்தியானம் இந்துப்ரியாவின் அறையில் உட்கார்ந்து இருவரும் கட்டுரையை ஏற்றினார்கள். வெளிநாட்டு இதழ். பேரைக் கேட்கும் இடத்திலேயே வண்டி நின்றது. முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் ஜெயக்கொடி என்று போட்டாயிற்று. இரண்டாவதில் இனிஷியலை மட்டும் போட்டால், ஓர் எழுத்தெல்லாம் பெயராகாது என்று சிவப்பில் அதட்டியது.

"உங்க பேருக்கு அடுத்து யாரு அக்கா இருக்கா?" என்றாள் இந்துப்ரியா.

"அடுத்து யாரும் இல்ல மேடம். முன்னாடிதான் இருக்காரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஆளுங்கள்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேரு உண்டு. அதப் போட்டிருக்கலாம். நானே அத விட்டுட்டு அப்பா பேரத்தான் போட்டு வச்சிருக்கேன்" என்றாள் இந்துப்ரியா. பல்கலைக்கழகப் பதிவில் அ. ஜெயக்கொடி என்றுதான் இருந்தது. ஆகவே ஜெயக்கொடி இனிஷியலை விரித்து, அழகுராஜா என்று அடித்தாள். சிவப்பு மறைந்தது. அந்த நிமிஷத்திலிருந்து இதழிடமிருந்து வந்த கடிதமெல்லாம் 'அன்புள்ள அழகுராஜா அவர்களுக்கு' என்றே தொடங்கியது. காயில் கட்டுகிற அழகுராஜாவுக்கு இது தெரிந்தபோது இரண்டு நாள் கடையில் நடையே வேறு மாதிரி இருந்தது.

இதேதான் பழைய கட்டுரைக்கும் நடந்திருந்தது. அப்போது அவள் மு. ஜெயக்கொடி. மலர் அச்சிட்டவர்கள் இனிஷியலை விரித்து, தகப்பன் பேரைக் குடும்பப் பேராக்கி, 'முத்திருளன், ஜெ.' என்று போட்டுவிட்டார்கள். அச்சில் முதல் பேர் வந்த சந்தோஷத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வு உலகத்தில் பேர் அச்சானபடிதான் ஆள். அங்கே முத்திருளன் என்று ஒரு தட்டான் நிபுணர் அன்றைக்குப் பிறந்தார். செக்கானூரணிக்கு மேற்கே கடலையும் சோளமும் போடுகிற முத்திருளனுக்கு இது தெரியாது.

இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. கட்டுரையைப் படித்து மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியது யார் என்று தெரியக்கூடாது. அதனால் 'என் முந்தைய ஆய்வில் நான் கண்டது' என்று எழுதக் கூடாது. தன்னையே மூன்றாம் மனிதராக்கிச் சொல்ல வேண்டும். ஜெயக்கொடி விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். 'முத்திருளன் காட்டியபடி' என்றாள். 'முத்திருளன் தம் கட்டுரையில் வெளியிடாத மழைக்கால எண்ணிக்கைகள் இவை' என்று ஒரு அட்டவணையும் போட்டாள். எழுதும்போது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கட்டுரை போனது.

மழை தொடங்கும் சமயத்தில் பதில் வந்தது. கல்லூரி முடிந்து மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். முதல் மதிப்பீட்டாளர் நன்றாக இருக்கிறது, படங்களைத் தெளிவாகப் போடுங்கள் என்று முடித்துக்கொண்டார். இரண்டாமவர்தான் பிடித்துக்கொண்டார்.

'முத்திருளனின் கட்டுரை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பகுதியிலிருந்து வந்த நேர்மையான வேலைகளில் ஒன்று அது. வெயிலில் நின்று, பொறுமையாக எண்ணி, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன கட்டுரை. அப்படிப்பட்டவரின் வெளியிடாத குறிப்புகள் இவர் கைக்கு எப்படி வந்தன? முத்திருளனின் அனுமதி இல்லை, பேருக்கு ஒரு நன்றிகூட இல்லை. இது ஒருவரின் உழைப்பைத் திருடுவது. வன்மையாகக் கண்டிக்கிறேன்.'

கீழே இதழாசிரியரின் குறிப்பு. முத்திருளன் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் கட்டுரை தள்ளப்படும். அவளுடைய பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

அவள் போக வேண்டிய பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. அவளுடைய வேலையை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. புகழ்ந்த கையோடு அவளைத் திருடி என்கிறார். அவளிடமிருந்தே திருடினாளாம்! வேறொரு இதழுக்கு அனுப்பலாம் என்றால் அவர்கள் படித்து முடிக்க ஒரு வருஷம் ஆகும். டிசம்பர் அதுவரை நிற்குமா?

வீட்டுக்கு வந்து சொன்னதும் அழகுராஜாவுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? முத்திருளன்ட கையெழுத்துக் கேக்குறாய்ங்க. முத்திருளன் யாரு, என் மாமா. நாளைக்குப் போயி ஒரு கையெழுத்த வாங்கிட்டு வந்துரு. சோலி முடிஞ்சது."

"அவரு என்னத்தக் கண்டாரு? அவரு எண்ணுனதா நான் எழுதவா?"

"அவரு பேருதான? பொய்யி ஒண்ணும் இல்லையே."

அதுதான் வம்பு. பொய் என்று சொல்லவும் முடியவில்லை. இந்துப்ரியாவைக் கேட்டாள். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உண்மையச் சொன்னா நம்பணும்ல அக்கா? ரெண்டு ஆம்பளப் பேரு, ரெண்டும் நான்தான்னு சொன்னா, அந்த ஊருல யாருக்குப் புரியும்? நம்பாம பல்கலைக்கழகத்துக்கு எழுதிட்டாங்கன்னா விசாரணை அது இதுன்னு டிசம்பர் போயிரும். கையெழுத்து வாங்குனா ஒரு வாரத்துல முடியும். நான் வாங்கச் சொல்லல. வாங்காதீங்கன்னும் சொல்லல" என்றாள். அவளுக்கும் பயம் இருந்தது, மறைக்கவில்லை.

சனிக்கிழமை ஜெயக்கொடி ஒப்புதல் கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்து எடுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போனாள். முத்திருளன் அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகமெல்லாம் பல். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், பாதி புரிந்தது. கையெழுத்துத்தானே என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தயாராகிவிட்டார்.

"எங்க போடணும்? தமிழ்ல போடவா, இங்கிலீசுலயா? ரெண்டும் நல்லாப் போடுவேன்."

"இருங்கப்பா, என்ன எழுதியிருக்குன்னு சொல்லிடுறேன்." படித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "முத்திருளனாகிய நான், கண்மாய்க் கரையில பல மாசம் நின்னு, தட்டான்களை எண்ணி எழுதி வச்ச குறிப்புகள…"

"எது, நானா?" முத்திருளன் சிரித்துவிட்டார். "நீல்ல தாயி நின்ன! நின்னு நின்னு கருத்துப்போயி, பொண்ணு பாக்க வந்தவுக உன்னையவே பாத்துக்கிட்டு, பொண்ணு எங்கன்னு கேட்டாக. உங்க ஆத்தா எம்புட்டுப் பவுடரு பூசுனா அன்னைக்கி! சரி, நீ சொன்னாச் சரிதான். பேனாவக் குடு."

அவர் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. மகள் கேட்டால் பத்திரத்திலும் போடுவார், வெற்றுத்தாளிலும் போடுவார். ஆனால் ஜெயக்கொடிக்குப் பேனாவை நீட்டக் கை வரவில்லை. அந்தக் கரையில் நின்ற பெண்ணை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முட்டளவு சேற்றில் நின்றுகொண்டு, ஒரு பூச்சி முட்டையிட்டு முடிக்கிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தவள். ஏற்கெனவே அச்சில் அவள் பேர் போயிற்று. இப்போது கையெழுத்தும் போட்டுவிட்டால் அவள் அங்கே நிற்கவே இல்லை என்று ஆகிவிடும். அதைத் தானே முன்னின்று செய்வதா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம்.

"வேண்டாம்ப்பா" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஏந்தாயி? நல்லாப் போடுவேன்னு சொன்னேன்ல?" முத்திருளனுக்கு நிஜமாகவே ஏமாற்றம். அவரைச் சமாதானப்படுத்தி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

மறுநாள் கண்மாய்க்குப் போகவில்லை. உட்கார்ந்து ஆசிரியருக்கு எழுதினாள். முதலில் வளைத்து வளைத்து எழுதி அடித்துவிட்டு, கடைசியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

'முத்திருளன் ஒப்புதல் தர முடியாது. ஏனென்றால் முத்திருளன் நான்தான். அழகுராஜாவும் நான்தான். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. கல்யாணத்துக்கு முன் தகப்பன் பேரின் முதல் எழுத்தைப் போடுவோம், பின்னால் பலர் கணவன் பேருக்கு மாற்றிக்கொள்வோம். உங்கள் கட்டங்கள் ஓர் எழுத்தை ஏற்பதில்லை. அதனால் என் முதல் கட்டுரை என் தகப்பனார் பேரிலும், இது என் கணவர் பேரிலும் இருக்கின்றன. தகப்பனார் விவசாயி. கணவர் மோட்டார் பழுது பார்க்கிறவர். இருவரும் நல்லவர்கள். இருவரும் ஒரு தட்டானைக்கூட எண்ணியதில்லை. எண்ணியது ஜெயக்கொடி.'

பட்டச் சான்றிதழ், திருமணப் பதிவு, இப்போதைய பதிவு எல்லாவற்றையும் இணைத்தாள். பழைய கட்டுரையில் போடாத கண்மாய்ப் படங்களையும் சேர்த்தாள். அதில் ஒன்றில் அவளே தொப்பியோடு சேற்றில் நின்றாள். திங்கட்கிழமை இந்துப்ரியா தன் அறையில் படித்துப் பார்த்தாள். பிறகு, "நானும் ஒரு கடிதம் சேக்குறேன் அக்கா. விசாரணை வந்தா ரெண்டு பேரும் போயி நிப்போம்" என்றாள். அன்றைக்குக் கதவு திறந்துதான் இருந்தது.

பதில் வருகிற வரைக்கும் அவள் பட்ட பாடு இருக்கிறதே! சோற்றுக்கு உப்புப் போட்டோமா என்று நினைவிருக்காது. வகுப்பில் தவளையைப் பற்றி ஆரம்பித்துத் தட்டானில் போய் முடிப்பாள். ஒரு கையெழுத்தில் முடிகிற வேலையை இவள் இழுத்து விட்டுக்கொண்டாள் என்று அழகுராஜாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கைத் துடைத்து நிறுத்தி, "என்ன, கிளம்பலையா? மழை பெஞ்சிருக்கு, உன் ஆளுக வந்திருப்பாகள்ல" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பதில் வந்தது. ஆசிரியர் எழுதியிருந்தார்:

'உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் கட்டங்களை இப்படி யோசித்ததில்லை. மன்னிக்க வேண்டும். இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு, உங்கள் பேரைச் சொல்லாமல், முத்திருளனும் இந்தக் கட்டுரை எழுதியவரும் ஒருவரே என்று மட்டும் தெரிவித்தேன். அவர் தம் கண்டனத்தைத் திரும்பப் பெறுகிறார். ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னார். பழைய கட்டுரையைப் படித்ததும் முத்திருளனின் மின்னஞ்சலுக்கு அவர் எழுதினாராம், பதில் இல்லை. அப்புறம் முத்திருளன் எழுதிய எதுவும் வரவும் இல்லை. இறந்துவிட்டாரோ என்று நினைத்திருந்தாராம். உயிரோடு இருப்பதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.'

முத்திருளன் சாகவில்லை. முத்திருளனுக்குக் கல்யாணம் ஆயிற்று, அவ்வளவுதான். மாமியார் வீடு வந்து, இனிஷியல் மாறி, குழந்தை பிறந்து, பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்து, வலை பரணில் ஏறியது. எங்கோ ஒருவர் அந்த வருஷங்களிலெல்லாம் அவளைத் தேடியிருக்கிறார் என்பதை ஜெயக்கொடி திரும்பத் திரும்பப் படித்தாள். சமையலறையில் நின்றபடியே வாய்விட்டு அழுதாள். மகள் பவதாரிணி ஓடிவந்து என்னம்மா என்றதற்கு, "ஒண்ணுமில்ல, நல்லதுதான்" என்றாள்.

திருத்தங்கள் கேட்டார்கள், செய்தாள். படங்களைத் தெளிவாக்கினாள். நன்றி சொல்லும் பகுதியில், ஞாயிறுதோறும் கண்மாய்க்கு அழைத்துப்போன அழகுராஜாவுக்கும், தட்டான் குஞ்சுகளுக்காகத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கலக்காமல் ஒரு பருவம் முழுக்க விட்டுவைத்த முத்திருளனுக்கும் என்று எழுதினாள். நவம்பரில் கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் கேட்டார்: பேரை எப்படிப் போடட்டும்? இந்துப்ரியாவின் அறையில் உட்கார்ந்து, ஜெயக்கொடி யாரையும் கேட்காமல் நிரப்பி அனுப்பினாள். ஆய்வேட்டை டிசம்பர் பிறந்ததும் கொடுத்துவிட்டாள்.

கட்டுரை வெளிவந்த அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனாள். அழகுராஜா ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான். முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் நன்றியில் தன் பேர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். மாமா பேருக்கு முன்னால் தன் பேர் இருந்ததில் அவனுக்குத் திருப்தி. பிறகு மேலே வந்து, எழுத்துக்கூட்டித் தலைப்பைப் படித்தான், தலைப்புக்குக் கீழே இருந்ததையும் படித்தான். நெற்றி சுருங்கியது.

"ஜெயக்கொடி ஜெயக்கொடி. என்ன இது, உன் பேர ரெண்டு தடவ போட்டிருக்காய்ங்க? தப்பா அடிச்சிட்டாய்ங்களா?"

"தப்பில்ல. நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். "கட்டம் ரெண்டு இருந்துச்சு. ஆளு ஒருத்திதான்."